சுமை இறங்கிய சுவர்: ஒகுஸ்த் பெரேயின் குடியிருப்புகளும் தேவாலயங்களும்

பாரிஸ் நகரின் மேற்கே, திரொகாதெரோ மேட்டை ஒட்டிய ஃபிராங்க்லின் வீதியில் 25 பிஸ் என்ற இலக்கம் கொண்ட மனை மிகச் சிறியது. முகப்பும் குறுகல், ஆழமும் குறைவு. எதிரே திறந்த வெளி. சற்றுத் தள்ளி செய்ன் நதி, அக்கரையில் ஈஃபில் கோபுரம். காட்சிக்கு இதைவிட நல்ல மனை அந்த நகரில் கிடைப்பது அரிது. கட்டுவதற்கோ பெரும் சங்கடம். மாடி வீடு கட்டுகிறவர் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் முற்றம் விட்டாக வேண்டும் என்பது நகர விதி. வழக்கப்படி அதைப் பின்பக்கம் விட்டுவிட்டால் மிச்ச இடத்தில் வாடகைக்கு விடும் அளவுக்கு வீடு தேறாது. 1903இல் இந்த மனையைக் கையில் எடுத்தவர்கள் பெரே குடும்பத்தார். கட்டட ஒப்பந்தக்காரர்களான அவர்கள் சொந்தப் பொறுப்பில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டி, தாங்களும் குடியேறி, மற்ற வீடுகளை வாடகைக்கு விட நினைத்தார்கள்.

மூத்த மகன் ஒகுஸ்த் பெரேவுக்கு அப்போது 29 வயது. முற்றத்தை அவர் பின்னாலிருந்து எடுத்து வீதிப் பக்கம் வைத்தார். கட்டடம் ‘ப’ வடிவில் வீதியை நோக்கித் திறந்துகொண்டது. முகப்பு உள்வாங்கியும் புடைத்தும் மடிந்ததால் அதன் நீளம் கூடியது. ஒவ்வொரு தளத்திலும் முக்கியமான அறைகள் எல்லாவற்றுக்கும் வீதிப் பக்கம் ஜன்னல் கிடைத்தது. நடுவில் வரவேற்பறை, இரு பக்கமும் சாப்பாட்டு அறை, படுக்கையறை. மாடிப்படியும் குளியலறையும் பின்னால் போயின. பின்சுவர் அடுத்தவர் மனையின் எல்லையில் நின்றது, அதில் ஜன்னல் திறக்க உரிமை இல்லை. அந்தச் சுவரைக் கண்ணாடிக் கற்களால் கட்டிவிட்டார் பெரே. சட்டத்தின் கண்ணுக்கு அது சுவர், படியேறுபவருக்கு வெளிச்சம்.

இந்த அமைப்பு கருங்கல்லிலோ செங்கல்லிலோ சாத்தியமே இல்லை. எட்டு மாடியின் எடையைத் தாங்கும் சுவர் கீழே வரவர தடிக்கும். அந்தத் தடிமனே இவ்வளவு சின்ன மனையின் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஆகவே மெலிந்த தூண்கள், அவற்றைப் பிணைக்கும் உத்தரங்கள், மேலே தளம் என்று கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு சட்டகம் எழும்பியது. எடை முழுவதும் தூண் வழியாக இறங்கியது. சுவருக்கு மழையையும் குளிரையும் தடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அறைகளுக்கு இடையிலும் கனமான தடுப்பு தேவைப்படவில்லை. கீழ்த்தளம் ஏறத்தாழ முழுவதும் கண்ணாடி. அங்கே பெரே சகோதரர்கள் தங்கள் அலுவலகத்தை வைத்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய பாரம் இத்தனை ஒல்லியான கால்களில் நிற்காது, விழுந்துவிடும் என்று நிபுணர்கள் சொன்னதால் வங்கி இந்தக் கட்டடத்தின்மேல் அடமானக் கடன் தர மறுத்தது என்று கட்டடக்கலை வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 1904இல் முடிந்த கட்டடம் இன்றும் நிற்கிறது.

சென்னையிலோ கோவையிலோ ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு இதைப் படிப்பவருக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். தூண் எழுப்பி, சென்டரிங் அடித்து, ஸ்லாப் போட்டு, நடுவில் செங்கல் அடைப்பதுதான் இன்று நம் ஊரில் கட்டடம் என்றாலே அர்த்தம். 1903இல் அது தொழிற்சாலைக்கும் கிடங்குக்கும் உரிய முறை. மனிதர் குடியிருக்கும் வீட்டுக்கு, அதுவும் பணக்காரர் வசிக்கும் வட்டாரத்தில், அதை முகத்திலேயே காட்டும்படி யாரும் கட்டத் துணியவில்லை.

முதன்முதலில் கான்கிரீட்டில் வீடு கட்டியவர் பெரே என்று சில நூல்கள் எழுதுவது பிழை. ஃபிரான்சுவா ஹென்னபிக் 1892இலேயே கம்பியிட்ட கான்கிரீட் சட்டகத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஃபிராங்க்லின் வீதிக் கட்டடத்தின் கான்கிரீட் வேலையும் அவர் முறைப்படி செய்யப்பட்டதுதான். பெரே குடும்பம் அதை வெளி நிறுவனத்துக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தது. ஹென்னபிக் நிறுவனத்துக்கே பாரிஸின் தாந்தோன் வீதியில் 1900ஐ ஒட்டி ஒரு பெரிய கான்கிரீட் கட்டடம் எழுந்தது. ஆனால் அதைப் பார்ப்பவர் கல் கட்டடம் என்றே நினைப்பார். வளைவு, சிற்ப வேலை, கல் அடுக்கு போன்ற தோற்றம் எல்லாம் கான்கிரீட்டிலேயே அச்சு அசலாக வார்க்கப்பட்டிருந்தன. கான்கிரீட்டை விற்கும் நிறுவனமே கான்கிரீட்டுக்கு வெட்கப்பட்டது போலிருக்கிறது. பெரே வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஃபிராங்க்லின் வீதி முகப்பில் எது தூண், எது உத்தரம், எது வெறும் அடைப்பு என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே படித்துவிடலாம். முகப்பு முழுவதும் அலெக்சாந்த்ர் பிகோ செய்த பீங்கான் ஓடு பதிக்கப்பட்டிருக்கிறது: சட்டகத்தின்மேல் வழவழப்பான வெற்று ஓடு, அடைப்புகளின்மேல் இலைகள் புடைத்த ஓடு. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும் என்ற அச்சமும் அந்த ஓட்டுக்கு ஒரு காரணம். தோல் மூடியிருந்தாலும் எலும்பு தெரிந்தது.

இந்தக் குடும்பத்தின் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா கிளோத் மரி பெரே பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்த கல்தச்சர். 1871 பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியில் ஈடுபட்டுத் தண்டனைக்குத் தப்பி பெல்ஜியத்துக்கு ஓடியவர். ஒகுஸ்த் 1874இல் புருஸ்ஸெல்ஸை ஒட்டிய இக்செல் நகரில் பிறந்தார். பொதுமன்னிப்புக்குப் பிறகு குடும்பம் பாரிஸ் திரும்பியது. அப்பா கட்டட ஒப்பந்தக்காரராக நன்றாகவே சம்பாதித்தார். ஒகுஸ்தும் தம்பி குஸ்தாவும் பாரிஸ் கவின்கலைப் பள்ளியில் சேர்ந்தார்கள். ஒகுஸ்த் பரிசுகள் வாங்கிய மாணவர். ஆனால் பட்டம் வாங்காமல் வெளியேறினார். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் ஒப்பந்தத் தொழில் செய்யக் கூடாது என்பது அக்காலத் தொழில் நெறி. 1895இல் அந்த நெறியை எழுதித் தந்த ஜூலியான் குவாதே என்பவரிடம்தான் ஒகுஸ்த் பாடம் படித்தார். மதிப்பான பட்டமா, குடும்பத் தொழிலா என்றபோது அவர் தொழிலை எடுத்துக்கொண்டார். அப்பாவின் மறைவுக்குப் பின் 1905இல் நிறுவனம் சகோதரர்களின் பெயருக்கு மாறியது. கான்கிரீட் வேலையை அதற்குமேல் வெளியே கொடுக்கவில்லை. வரைபவரும் கட்டுபவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். விலை சொல்லும் அதிகாரமும் அவர்களிடமே இருந்தது. பெரேயின் தேவாலயங்கள் பிறந்ததற்கு அவருடைய அழகியல் கொள்கைகளைவிட இது முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

கான்கிரீட்டுக்கும் தேவாலயத்துக்கும் அதுவரை நல்ல உறவு இல்லை. மோன்மார்த்ரில் அனத்தோல் தெ போதோ 1894இல் தொடங்கிய புனித யோவான் தேவாலயம்தான் பாரிஸின் முதல் முயற்சி. கம்பியிட்ட சிமெண்டையும் துளையிட்ட செங்கல்லையும் சேர்த்துக் கட்டிய அந்தக் கோயில் நிற்காது என்று அதிகாரிகள் வேலையை நிறுத்தினார்கள், வழக்கு நடந்தது, இடிக்கச் சொல்லும் அளவுக்கும் போனது. கடைசியில் 1904இல் கட்டி முடித்தார்கள். அதன் உள்ளே போனால் வளைவுகள் சிமெண்டால் ஆனவை என்று தெரியும். அவற்றின் ஒழுங்கு இடைக்காலக் கோதிக் கோயிலுடையதே. புதுப் பொருள் பழைய வடிவத்துக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது.

பெரே கோயிலுக்குப் போன பாதை கிடங்குகள் வழியாகச் சென்றது. முதல் உலகப் போர்க் காலத்தில் கசபிளாங்காவில் துறைமுகக் கிடங்குகள் கட்டினார். அவற்றின் கூரை, சில சென்டிமீட்டர் தடிமனே உள்ள கான்கிரீட் வளைவு. வளைந்திருப்பதால்தான் அது நின்றது, கனத்தால் அல்ல. 1919இல் பாரிஸில் எஸ்தெர்ஸ் என்ற ஆடை நிறுவனத்துக்காகப் பெரிய கான்கிரீட் வளைவுகள் தாங்கும் தையல் கூடம் ஒன்றைக் கட்டினார். இவற்றுக்கு முன்பே 1913இல் திறந்த ஷான்ஸெலிசே நாடக அரங்கு அவருக்குப் பெரும் பெயர் வாங்கித் தந்தது. அதன் கான்கிரீட்டுக்குமேல் பளிங்கும் பூர்தெல்லின் சிற்பங்களும் போர்த்தப்பட்டிருக்கின்றன. இந்தக் கட்டுரைக்கு அரங்கைவிடத் தையல் கூடமே தேவையானது.

பாரிஸுக்குக் கிழக்கே லெ ரான்சி என்ற சிறு புறநகர். அதன் பங்குத்தந்தை ஃபெலிக்ஸ் நேகர், 1914 செப்டம்பரில் நடந்த மார்ன் போரில் இறந்தவர்கள் நினைவாக ஒரு மாதா கோயில் கட்ட விரும்பினார். போர் முடிந்த பிரான்சில் விலைவாசி ஏறியிருந்தது. இடிந்த ஊர்கள் எல்லாம் கல்லுக்கும் சிமெண்டுக்கும் காத்திருந்தன. பங்கின் கையிலிருந்த பணத்துக்குக் கல் கோயில் கட்டுப்படியாகாது. பெரே சகோதரர்கள் சுமார் 6 லட்சம் ஃபிராங்குக்குக் கட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார்கள். 1922 வசந்தத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1923 ஜூனில் கோயில் அர்ச்சிக்கப்பட்டது. ஒரு வருடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

உள்ளே நுழைந்ததும் கவனிக்க வேண்டியது தூண்களை. சுமார் 11 மீட்டர் உயரம். அடியில் 43 சென்டிமீட்டர் விட்டம், உச்சியில் 35. நான்கு வரிசைகளாக நிற்கின்றன. ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் இருபது மீட்டர் அகலமும் உள்ள மண்டபத்துக்கு இவை நம்ப முடியாத ஒல்லி. வார்த்த அச்சின் வரிகள் தூணின் மேனியில் நெடுக ஓடுகின்றன. பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. சென்டரிங் பலகையைக் கழற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டார்கள். பணம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம். நடுமண்டபத்தின்மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய வளைவு. பக்க மண்டபங்களின்மேல் குறுக்குவாக்கில் சிறு வளைவுகள். கசபிளாங்காக் கிடங்கின் கூரை இங்கே கோயிலின் விதானமாகிவிட்டது. பக்க மண்டபங்களும் நடுமண்டபமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் இடம் மூன்றாகப் பிரியவில்லை. தரை பலிபீடத்தை நோக்கி மெல்லச் சரிகிறது. கடைசி வரிசையில் நிற்பவருக்கும் திருப்பலி தெரியும்.

ஓரத் தூண் வரிசை சுவருக்குள் புதைந்திருக்கவில்லை. சுவரிலிருந்து விலகி, உள்ளே தனியாக நிற்கிறது. கூரை முழுவதும் தூண்களிடம் போய்விட்டதால் சுவர் தன்னைத்தானே தாங்கினால் போதும். அந்தச் சுதந்திரத்தைப் பெரே கடைசி வரை பயன்படுத்தினார். தரையிலிருந்து சற்று உயரத்தில் தொடங்கி விதானம் வரை, கோயிலின் எல்லாப் பக்கமும், சுவர் என்பதே கான்கிரீட் ஜாலிதான். நம் வீட்டு மாடிப்படிகளில் காற்றுக்காக வைத்துக் கட்டும் சிமெண்ட் ஜாலியின் அதே சங்கதி. சதுரம், வட்டம், சிலுவை, சாய்சதுரம் என்று சில அச்சுகளே. அவற்றில் ஆயிரக்கணக்கில் வார்த்து அடுக்கினார்கள். ஒவ்வொரு துளையிலும் வண்ணக் கண்ணாடி. கண்ணாடி வேலையைச் செய்தவர் மார்கரித் யூரே என்ற பெண் கலைஞர். தூண்களுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பத்தியின் நடுவிலும் வரும் உருவக் காட்சிகளை வரைந்து கொடுத்தவர் ஓவியர் மொரிஸ் தெனி. அன்னை மரியாவின் வாழ்க்கைக் காட்சிகளோடு மார்ன் போரும் அதில் இடம் பெற்றிருக்கிறது. பத்திக்குப் பத்தி நிறத்தின் ஆதிக்கம் மாறுகிறது. பாரிஸ் தீவில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த செயின்ட் ஷப்பேல் ஆலயத்தோடு இதை ஒப்பிட்டுக் ‘கான்கிரீட்டின் செயின்ட் ஷப்பேல்’ என்று அழைத்தார்கள். ஒப்பீடு பாதி சரி. அந்த இடைக்கால ஆலயத்தில் கண்ணாடிக்கு இடையே கல் தூண்கள் சுவரின் இடத்திலேயே நின்று, வெளியே முட்டுக்கொடுத்துச் சுமக்கின்றன. லெ ரான்சியில் வெளியே முட்டே கிடையாது. சுமப்பது எல்லாம் உள்ளே, கண்ணெதிரே.

இதில் ஃபிராங்க்லின் வீதியைக் காண்பது கடினமல்ல. அங்கே பின்சுவரில், யாரும் பார்க்காத மாடிப்படிக்காக, சட்டத்தைச் சமாளிக்க வைத்த கண்ணாடிக் கல்; இங்கே அதே யோசனை நான்கு புறமும் விரிந்து கோயிலாகிறது. அங்கே வாடகை கணக்குப் பார்த்துச் சுவரை மெலித்தார். இங்கே பங்கின் வறுமை சுவரை மெலித்தது. தேவாலயம் உன்னதம், வாடகை வீடு வியாபாரம் என்று கட்டடங்களைத் தரம்பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு இது சற்று உறுத்தும். பெரே விஷயத்தில் வியாபாரம் முன்னால் போய் வழி கண்டுபிடித்தது. உன்னதம் பின்னால் வந்தது.

குறை இல்லாமலில்லை. முன்கோபுரம் எனக்கு ஒருபோதும் முழுத் திருப்தி தந்ததில்லை. நாற்பது மீட்டருக்கு மேல் உயரும் அந்தக் கோபுரம் தூண்கற்றைகளாகப் படிப்படியாக ஒடுங்குகிறது. உள்ளே ஒவ்வொரு தூணும் ஏன் அங்கே நிற்கிறது என்று சொல்லிவிட முடியும். கோபுரத்தில் பல தூண்கள் உயரத்தைக் காட்டுவதற்காக மட்டுமே நிற்கின்றன. தூணை மறைப்பது தவறு, பொய்த்தூண் வைப்பது குற்றம் என்று பிற்காலத்தில் எழுதிய மனிதர் இவர். இன்னொரு குறை பொருளைச் சார்ந்தது. மெல்லிய ஜாலியில் கம்பியை மூடும் கான்கிரீட் போதவில்லை. காற்றும் ஈரமும் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தது, துரு ஊதிக் கான்கிரீட்டைப் பிளந்தது. சில பத்தாண்டுகளில் கோயில் பெரும் பழுதுபார்ப்புக்கு ஆளானது. 1904இல் ஓடு பதிக்க வைத்த அந்த அச்சம் வீணானதல்ல.

1926இல் மோன்மான்யியில் புனித தெரேசாவுக்கு இதன் சிறிய வடிவம் ஒன்றைக் கட்டினார். இன்னும் குறைந்த செலவு, அதே ஜாலி முறை. அதே ஆண்டு பாரிஸில் புனித ஜோன் ஆஃப் ஆர்க் நினைவாலயத்துக்கு நடந்த போட்டியில் 200 மீட்டர் உயரக் கோபுரக் கோயில் ஒன்றை வரைந்து அனுப்பினார், நிராகரிக்கப்பட்டது. அந்த வரைபடம் பின்னால் திரும்பவும் வரும்.

லெ ரான்சியின் செல்வாக்கு ஐரோப்பாவோடு நிற்கவில்லை. பெரேயின் அலுவலகத்தில் பணிபுரிந்த செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஃபாயர்ஷ்டைன் 1920களின் நடுவில் டோக்கியோ சென்று, அங்கே தொழில் நடத்திய மற்றொரு செக்கரான அந்தோனின் ரேமண்டோடு சேர்ந்தார். டோக்கியோ மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ரேமண்ட் 1930களில் கட்டிய சிற்றாலயத்தைப் பார்த்தால் லெ ரான்சியைச் சுருக்கி நட்டதுபோல இருக்கும்: அதே தூண், அதே ஜாலி, அதே கோபுரம். நகல் என்று சொன்னால் பழியாகாது. ஆனால் இதே ரேமண்ட்தான் அதே காலத்தில் புதுச்சேரி அரவிந்த ஆசிரமத்துக்காக ‘கோல்கொண்ட்’ விடுதியை வடிவமைத்தவர். ஹைதராபாத் சமஸ்தானத்தின் திவான் அக்பர் ஹைதரி வழியாக நன்கொடை வந்ததால் அந்தப் பெயர். கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும், லெ கொர்பூசியேயிடம் வேலை பார்த்த சம்மரும் தங்கி மேற்பார்வை செய்ய, ஆசிரமவாசிகளே கட்டினார்கள். பூச்சில்லாத கான்கிரீட் சட்டகம். வடக்கிலும் தெற்கிலும் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை திறந்து மூடும் பட்டைப்பலகைகள், உள்ளே தேக்குச் சறுக்குக் கதவுகள். காற்று ஒரு முகப்பில் நுழைந்து மறு முகப்பில் வெளியேறும். டோக்கியோவில் பெரேயின் உருவத்தை எடுத்துக்கொண்ட ரேமண்ட் புதுச்சேரியில் அவருடைய நியாயத்தை எடுத்துக்கொண்டார் என்பேன். சுமையிலிருந்து விடுபட்ட சுவரை வெயிலும் ஈரக்காற்றும் உள்ள ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு நம் கடற்கரையில் கிடைத்த நல்ல விடை அது. அப்படி விடை கிடைத்த பிறகும், அதே தூணும் ஸ்லாபும் போட்டு, இடையில் நாலரை அங்குலச் செங்கல் அடைத்து, சின்ன ஜன்னல் வைத்து, ஏசி மாட்டிக்கொள்ளும் வீடுகளையே நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். புதிதாக எழும்பும் பல தேவாலயங்களில் கான்கிரீட் சட்டகத்தின்மேல் காரைப்பூச்சில் கோதிக் கூர்வளைவு வரைவதும் நடக்கிறது. பெரே பார்த்திருந்தால் ‘குற்றம்’ என்ற சொல்லை எடுத்திருப்பார்.

பெரேயைப் புரட்சிக்காரராக எண்ணிவிடக் கூடாது. பின்னாளில் லெ கொர்பூசியே என்று உலகம் அறிந்த ஷான்னெரே என்ற சுவிஸ் இளைஞர் 1908இல் ஃபிராங்க்லின் வீதி அலுவலகத்தில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்து கான்கிரீட்டைக் கற்றுக்கொண்டவர். 1923இல் குருவும் சீடரும் பகிரங்கமாக மோதிக்கொண்டது ஜன்னலைப் பற்றி. சுவர் சுமக்கவில்லை என்றால் ஜன்னலை அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிடையாகக் கிழித்துவிடலாமே என்றார் லெ கொர்பூசியே. ஜன்னல் நிமிர்ந்துதான் இருக்க வேண்டும், அதுதான் நிற்கும் மனிதனின் அளவு, வீதியும் தோட்டமும் வானமும் ஒரே சட்டத்துக்குள் தெரிவதும் அதில்தான் என்பது பெரேயின் பக்கம். சட்டகத்தை முகப்பில் காட்டத் துணிந்தவரே அதன் கடைசி விளைவை ஏற்க மறுத்தார். நவீனக் கட்டடக்கலை வரலாறு சீடரின் பக்கம் சாய்ந்து எழுதப்பட்டுவிட்டதால் பெரே பல நூல்களில் முன்னோடி அத்தியாயத்தோடு முடிந்துபோகிறார். பின்பாதி வாழ்க்கையில் அவர் செய்த வேலை அப்படி ஒதுக்கத்தக்கதல்ல.

ரெய்நுவார் வீதியில், பால்சாக் வாழ்ந்த வீட்டுக்கு அருகே, சரிவான ஒரு முக்கோண மனையில் 1930ஐ ஒட்டி அவர் தமக்காக மறுபடியும் ஓர் அடுக்குமாடிக் கட்டடம் கட்டினார். கீழே அலுவலகம், மேலே அவர் வீடு, மற்ற தளங்கள் வாடகைக்கு. இம்முறை ஓடு இல்லை. கான்கிரீட்டின் மேல்தோலைக் கல்தச்சர் போல் உளிச்சுத்தியால் கொத்தி எடுத்து, உள்ளிருக்கும் ஜல்லியின் நிறத்தை வெளியே கொண்டுவந்தார்கள். விளிம்புகளை மட்டும் கொத்தாமல் விட்டார்கள். அப்பாவின் உளி மகனின் கான்கிரீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஃபிராங்க்லின் வீதியில் போர்த்திய கான்கிரீட், லெ ரான்சியில் வறுமையால் அம்மணமாக நின்ற கான்கிரீட், இங்கே கல்லுக்கு நிகரான மரியாதையோடு செதுக்கப்பட்டது. கோயிலில் அப்படியே விட்டுப் பார்த்திராவிட்டால் வீட்டில் செதுக்கிப் பார்க்கத் துணிந்திருப்பாரா என்பது சந்தேகம்.

1944 செப்டம்பர் 5, 6 தேதிகளில் பிரிட்டிஷ் விமானங்கள் லெ ஹாவ்ர் துறைமுக நகரின் நடுப்பகுதியைக் குண்டு வீசி அழித்தன. அங்கே ஜெர்மானியப் படை இருந்தது, மக்களும் இருந்தார்கள். சுமார் 2,000 பேர் அந்த நாட்களில் மட்டும் இறந்தார்கள். போர் முடிந்தபோது சுமார் 80,000 பேர் வீடிழந்திருந்தார்கள். 1945இல் மறுநிர்மாணப் பொறுப்பு 71 வயதுப் பெரேயிடம் வந்தது. அவரும் அவரிடம் படித்தவர்களும் சேர்ந்த ஒரு பட்டறை ஊரையே வரைந்தது. நகரம் முழுவதற்கும் ஒரே அளவுகோல்: 6.24 மீட்டர். தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி அது. வீடும் கடையும் வீதியும் அதன் மடங்குகள். ஊர் முழுவதையும் மூன்றரை மீட்டர் உயர்த்தி, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் அனைத்தையும் அடியில் ஓட விடலாம் என்று பெரே கேட்டார்; சிமெண்டும் இரும்பும் இல்லாத காலத்தில் அரசு ஒப்புக்கொள்ளவில்லை. இடிபாடுகளை நொறுக்கிப் புதுக் கான்கிரீட்டுக்கு ஜல்லியாக்கினார்கள். பழைய ஊர் புது ஊரின் சுவருக்குள் இருக்கிறது என்பது இங்கே வெறும் உவமையல்ல.

நகரமன்றச் சதுக்கத்தைச் சுற்றி எழுந்த குடியிருப்புகளை அரசே முன்பணம் போட்டுக் கட்டியது. சொந்த வீட்டை இழந்தவருக்கு இழந்ததன் மதிப்புக்கு ஈடாக ஒரு ஃபிளாட் ஒதுக்கப்பட்டது. தோட்டமும் மாடமும் வைத்த தனி வீட்டில் இருந்தவர், பொதுப் படிக்கட்டு உள்ள கட்டடத்தின் மூன்றாம் தளத்துக்குப் போக வேண்டியிருந்தது. பலருக்கு அது கசந்தது. ஊரைச் சாம்பல் நிறத்து ராணுவக் குடியிருப்பு என்று ஏசியவர்கள் நிறைய. ஆனாலும் அந்த வீடுகளுக்குள் அன்றைய பிரான்சில் பலர் கண்டிராத வசதிகள் வந்தன: மையச் சூடேற்றம், குளியலறை, கூடத்தோடு ஒட்டிய சமையலறை, இரு புறமும் வெளிச்சம். உள்ளே சுமைச்சுவர் இல்லாததால் அறைகளைக் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள முடிந்தது. ஃபிராங்க்லின் வீதியில் வசதியுள்ளவருக்குக் கொடுத்ததை நாற்பது ஆண்டுகள் கழித்து எல்லாம் இழந்தவர்களுக்குக் கொடுத்தார் பெரே. ஜன்னல்கள் எல்லாம் நிமிர்ந்தவை. அந்தப் பிடிவாதம் மட்டும் மாறவில்லை.

குண்டுவீச்சில் அழிந்த புனித சூசையப்பர் ஆலயத்தின் இடத்தில், 1951இல் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். நிராகரிக்கப்பட்ட 1926ஆம் ஆண்டு வரைபடம் இங்கே உயிர்பெற்றது. சதுரமான அடித்தளம், நடுவில் பலிபீடம், அதன்மேல் எட்டுப் பட்டைக் கோபுரம். மொத்த உயரம் 107 மீட்டர். கோபுரம் உள்ளே காலி. பலிபீடத்தருகே நின்று அண்ணாந்து பார்த்தால் தடையின்றி உச்சி வரை பார்வை போகும். லெ ரான்சியில் எனக்குத் திருப்தி தராத கோபுரத்துக்கு இது பெரேயின் சொந்தத் திருத்தம். அங்கே கோபுரம் கோயிலுக்கு முன்னால் நின்றது. இங்கே கோபுரமே கோயில். 12,768 வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தவர் அதே மார்கரித் யூரே. உருவங்கள் இல்லை, நிறம் மட்டுமே. சூரியன் நகர நகர உள்ளிருக்கும் நிறமும் நகர்கிறது. பெரே 1954 பெப்ரவரியில் இறந்தார். உடன் இருந்தவர்கள் 1957இல் கட்டி முடித்தார்கள். குண்டுவீச்சில் மாண்டவர்களுக்கு நினைவுச்சின்னமும் அதுதான்.

2005இல் யுனெஸ்கோ லெ ஹாவ்ரின் மறுநிர்மாண நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஏசிய ஊரே இப்போது பெருமை பேசுகிறது. சதுக்கத்தருகே ஒரு ஃபிளாட்டை அக்கால மேசை நாற்காலி, பாத்திரங்களோடு மாதிரி வீடாக வைத்து மக்களுக்குக் காட்டுகிறார்கள். அந்த ஊருக்குப் போக வாய்த்தவர்கள் பெரும்பாலும் கடலிலிருந்தே தெரியும் அந்தக் கோபுரத்தை நோக்கி நேராகப் போய்விடுகிறார்கள், நேரமிருந்தால் வீடு. வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் அந்த வீட்டுக்குள் போய்த் தூண் எங்கே நிற்கிறது, சுவர் எங்கே வெறும் தடுப்பு என்று தட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஆலயத்துக்கு வாருங்கள்.